படத்தை விடுங்க, கதையைப் படிங்க!

நண்பர் ஒருவர் போன மாதம் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. பை நிறைய காமிக்ஸ் புத்தகங்கள். மேஜை மேல் கொட்டி, "அத்தனையும் இங்கிலீஷ். படிச்சுட்டுத் தாங்க, அவசரமில்லை" என்றார்.

'பஃபி த வாம்பயர் ஸ்லேயர்' என்று ஒரு அமெரிக்க டி.வி. தொடர். ரத்தக் காட்டேரிகளை வேட்டையாடும் ஒரு ஹைஸ்கூல் பெண்ணின் கதை. ஏழு சீஸன், 144 எபிசோட் ஓடி 2003-ல் முடிந்தது. அதை உருவாக்கிய ஜாஸ் வீடன் எட்டாவது சீஸனை டி.வி.க்கு எடுக்கவில்லை. காமிக்ஸாகவே தொடர்ந்துவிட்டார். டார்க் ஹார்ஸ் நிறுவனம் வெளியிட்டது. 2007-ல் தொடங்கி 2011 ஜனவரியில் நாற்பதாவது இதழோடு நின்றது. நண்பர் கொண்டுவந்தது அதைத்தான்.

ஒன்றை எடுத்தேன். அட்டையில் ஜோ சென் வரைந்த பஃபி. அந்த வேடத்தில் நடித்த ஸாரா மிஷல் கெல்லரே வந்து நிற்கிறார். அதே கண், அதே தாடை. ஆசையாக உள்ளே திறந்தால் வேறு யாரோ ஒரு பெண். அடுத்த கட்டத்தில் இன்னொரு பெண். அவளுக்கும் இவளுக்கும் முடியின் நிறம்தான் வித்தியாசம். ஒரு இடத்தில் மூன்று பேர் நின்று பேசிக்கொள்கிறார்கள், யார் யாரென்று எனக்குப் புரியவில்லை. "இது யாருங்க?" என்று நண்பரிடம் காட்டினேன். எட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு சொன்னார்:

"படத்தை விடுங்க சார், கதையைப் படிங்க."

என் சண்டை அந்த வாக்கியத்தோடுதான். நண்பரோடு இல்லை. அவர் தங்கமான மனிதர்.

டி.வி. தொடரை வைத்து காமிக்ஸ் போடுகிறவர்கள் ஐம்பது, அறுபது வருஷமாக இந்த வாக்கியத்தை நம்பித்தான் கடை நடத்துகிறார்கள். கதைதான் சாதமாம், படம் ஊறுகாயாம். ஊறுகாய் கொஞ்சம் பூஞ்சை பிடித்திருந்தால் என்ன, ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிடு. ரசிகன் எப்படியும் வாங்குவான். தொடரின் பெயர் அட்டையில் பெரிதாக இருந்தால் போதும்.

தெரியாமல்தான் கேட்கிறேன், ஒரு டி.வி. தொடரை நாம் எதற்காகப் பார்க்கிறோம்? கதைக்காகவா? உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒரு எபிசோடின் கதையை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கால் பக்கம் வராது. வந்தாலும் அதில் நீங்கள் ரசித்த எதுவும் இருக்காது. 'ஸ்டார் ட்ரெக்'கில் மிஸ்டர் ஸ்பாக் என்ன வசனம் பேசினார் என்பது பாதி பேருக்கு மறந்துபோயிருக்கும். லெனார்ட் நிமாய் ஒற்றைப் புருவத்தை மட்டும் ஒரு நூலளவு தூக்குவாரே, அதை யாரும் மறக்க மாட்டார்கள். கேப்டன் கிர்க் கத்துவார், டாக்டர் எரிந்து விழுவார், கேமரா ஸ்பாக்கிடம் போகும். ஒரு புருவம் எழும். அதுதான் சீன். வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவன் சிரித்துவிடுவான்.

இதைக் காமிக்ஸில் யார் செய்வது? நிமாய் இல்லை. கேமரா இல்லை. பின்னணி இசை கிடையாது. எடிட்டர் கிடையாது. அத்தனை பேர் வேலையும் ஒரே ஒரு ஆசாமியின் தலையில் விழுகிறது. பிரஷ்ஷும் மையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர் தலையில். அவர் சரியாகப் புருவத்தைத் தூக்கவில்லை என்றால் அந்த சீன் செத்தது. வசனம் எழுதியவர் ஷேக்ஸ்பியராகவே இருந்தாலும் பிரயோஜனமில்லை. நாவலில் படம் சுமாராக இருந்தால் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் படிக்கலாம். இங்கே எதைத் தள்ளுவது?

'ஸ்டார் ட்ரெக்' பேச்சை எடுத்தாயிற்று, அதையே பார்ப்போம். எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் இதைவிட நல்ல பாடம் கிடையாது.

தொடர் 1966 செப்டம்பர் 8-ம் தேதி என்.பி.சி. சேனலில் ஆரம்பித்தது. மூன்று சீஸன், 79 எபிசோட். 1969-ல் ஊற்றி மூடிவிட்டார்கள். காமிக்ஸ் 1967-ல் தொடங்கியது. கோல்டு கீ என்ற முத்திரையில் வெஸ்டர்ன் பப்ளிஷிங் கம்பெனி போட்டது. விலை 12 சென்ட். டி.வி. தொடர் நின்ற பிறகும் இது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. 1979 வரை 61 இதழ்கள். 1973, 74-ல் வந்த கார்ட்டூன் எபிசோடுகளைக் கழித்துவிட்டால், எழுபதுகளில் ஒரு அமெரிக்கப் பையனுக்குப் படம் போட்ட புது ஸ்டார் ட்ரெக் கதை வேண்டுமென்றால் பெட்டிக்கடையில் இருந்த இந்தப் புத்தகம்தான் கதி. எவ்வளவு பெரிய பொறுப்பு பாருங்கள்.

அந்தப் பொறுப்பை எப்படிச் செய்தார்கள்? தொடக்க இதழ்களை வரைந்தவர் நேவியோ ஸக்காரா என்ற இத்தாலியர். அடுத்து வந்து பல வருஷம் வரைந்தவர் அல்பெர்ட்டோ ஜோலிட்டி. அவரும் இத்தாலியர்தான். உட்கார்ந்து வரைந்தது ரோம் நகரத்தில். ஜோலிட்டி ஸ்டார் ட்ரெக் தொடரை ஒரு எபிசோடுகூடப் பார்த்தது கிடையாது. கம்பெனி அனுப்பி வைத்தது விளம்பரத்துக்காக எடுத்த சில போட்டோக்களை. 'இதை வைத்து வரைந்துகொள்' என்று விட்டுவிட்டார்கள்.

போட்டோ கட்டில் தலைமை இன்ஜினீயர் ஸ்காட்டியாக நடித்த ஜேம்ஸ் டூஹன் படம் இல்லை. விளைவு? ஆரம்ப இதழ்களில் ஸ்காட்டி என்று பெயர் போட்டு வேறு யாரோ ஒரு ஆள் இன்ஜின் ரூமில் நிற்கிறார். டி.வி.யில் ஸ்காட்டியைப் பார்த்துப் பழகிய பையன் என்ன நினைத்திருப்பான்? பழைய ஸ்காட்டி ராஜினாமா பண்ணிவிட்டாரோ?

ஸ்காட்டியையாவது மன்னிக்கலாம், கப்பலை மன்னிக்கவே முடியாது. எண்டர்பிரைஸ் விண்கலத்தின் பின்பக்கம் இரண்டு நீளமான குழல்கள் இருக்கும். தூர்தர்ஷனில் எண்பதுகளில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். டி.வி.யில் அந்தக் குழல்களிலிருந்து புகையும் வராது, நெருப்பும் வராது. சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். அதுதான் அந்தக் கப்பலின் அழகே. ராக்கெட் யுகம் முடிந்து அடுத்த யுகத்துக்குப் போய்விட்டார்கள் என்று ஒரு வார்த்தை பேசாமல் சொன்ன டிசைன் அது. காமிக்ஸில்? குழல் இரண்டிலும் திகுதிகுவென்று தீ! தீபாவளி ராக்கெட்டைப் படுக்கவைத்துக் கொளுத்திய மாதிரி. போட்டோவில் கப்பல் அசையாமல் நிற்கிறது, ஓவியருக்கு அது எப்படிப் பறக்கும் என்று தெரியாது, பறக்கிற சாமான் என்றால் பின்னால் நெருப்பு வர வேண்டும் என்று அவராக வைத்துவிட்டார். அவர் மேல் என்ன தப்பு?

இங்கேதான் நான் நண்பரிடமிருந்து மட்டுமல்ல, படத்தைக் குறை சொல்கிறவர்களிடமிருந்தும் விலகுகிறேன். ஜோலிட்டி அரைகுறை ஓவியர் இல்லை. கைதேர்ந்தவர். 'கன்ஸ்மோக்' என்ற கௌபாய் டி.வி. தொடரின் காமிக்ஸையும், டைனோசர்கள் திரியும் 'டுராக்' கதைகளையும் அவர் வரைந்திருக்கிறார். குதிரையின் தசை, பாறையின் வெடிப்பு, தூரத்து மலை எல்லாம் உயிரோடு இருக்கும். ஸ்டார் ட்ரெக்கிலேயே அவர் வரைந்த வேற்றுக் கிரகங்களைப் பாருங்கள். இடிந்த நகரங்கள், பிரம்மாண்டமான காடுகள், பாழடைந்த கோபுரங்கள். டி.வி.யில் ஸ்டூடியோவுக்குள் அட்டைப் பாறையை வைத்துச் சமாளித்ததற்கு இது எவ்வளவோ மேல். அவருடைய கற்பனைக்கு விட்ட இடத்தில் ஜெயித்துவிட்டார். பார்த்து வரைய வேண்டிய இடத்தில்தான் தோற்றார், ஏனென்றால் பார்க்கவே விடவில்லை. சில பக்கங்களில் கிர்க்கின் முகம் அப்படியே விளம்பரப் போட்டோவிலிருந்து இறங்கி வந்து கழுத்தில் உட்கார்ந்திருக்கும். கீழே உடம்பு ஓடிக்கொண்டிருக்கும், மேலே முகம் கேமராவைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருக்கும்!

ஆக, 'ஓவியம் மோசம்' என்றால் உடனே ஓவியரை உதைக்கக் கிளம்பக் கூடாது. யார் அவரை எந்த நிலைமையில் வேலை செய்ய வைத்தார்கள் என்று கேட்க வேண்டும்.

நான் பி.காம். படித்தவன். மூன்று வருஷத்தில் மண்டையில் நின்றது கொஞ்சம்தான் என்றாலும், எந்தச் செலவை வெட்டலாம், எதை வெட்ட முடியாது என்ற பாடம் நின்றுவிட்டது. டி.வி. காமிக்ஸ் போடுகிற ஒரு பதிப்பாளரின் கணக்குப் புத்தகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் வரி, தொடரின் பெயரைப் பயன்படுத்த ஸ்டூடியோவுக்குக் கட்டும் உரிமைத் தொகை. பேரம் எல்லாம் முதலிலேயே முடிந்துவிட்டது, இனிக் குறைக்க முடியாது. அடுத்தது காகிதம், அச்சு. அச்சகத்துக்காரர் தயவுதாட்சண்யம் பார்க்க மாட்டார். அப்புறம் வினியோகஸ்தர் கமிஷன். அதுவும் கறார். எழுத்தாளரோ ஒரே ஆள், அவருக்குக் கொடுப்பதில் பெரிதாக மிச்சம் பிடிக்க இடமில்லை. மிச்சம் என்ன? பக்கத்துக்கு இவ்வளவு என்று ஓவியருக்குக் கொடுக்கும் கூலி. அவருக்குக் கொடுக்கும் நாள் கணக்கு. அவருக்கு அனுப்ப வேண்டிய போட்டோ, வரைபடம், எபிசோட் பார்க்க ஏற்பாடு. இழுத்தால் நீளும், அமுக்கினால் சுருங்கும் ஒரே வரி இதுதான். எனவே அமுக்குகிறார்கள்.

வேறு காமிக்ஸில் இப்படி அமுக்கினால் புத்தகம் விற்காது, பதிப்பாளர் அலறிக்கொண்டு நல்ல ஆளைத் தேடுவார். டி.வி. காமிக்ஸில் விற்றுவிடும். அங்கேதான் கோளாறு. ராத்திரி பஸ்ஸில் மதுரைக்குப் போகிறோம். நடுராத்திரி ஒரு மோட்டலில் நிறுத்துகிறார் டிரைவர். ஸ்பீக்கர் அலறுகிறது, தோசை செருப்பு மாதிரி இருக்கிறது, விலையோ நட்சத்திர ஓட்டல் விலை. ஏன் திருத்திக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்? எதற்குத் திருத்த வேண்டும்? ருசிக்காக யாரும் அங்கே இறங்கவில்லை. பஸ் நிற்கிறது, இறங்குகிறோம். டி.வி. காமிக்ஸின் வாசகன் அந்த பஸ் பயணி. தொடரின் பெயர் அவனைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிடுகிறது. கல்லாவில் இருப்பவருக்கு இது நன்றாகத் தெரியும்.

அட்டைப்படத்தைக் கவனித்தீர்களா? கோல்டு கீ ஆரம்ப இதழ்களின் அட்டையில் ஓவியமே கிடையாது. நடிகர்களின் நிஜப் போட்டோ. நாற்பது வருஷம் கழித்து என் மேஜையில் கிடந்த பஃபியின் அட்டையில் அச்சு அசல் முகம், உள்ளே யாரோ. வாசலில் வாழைமரம் கட்டுவதில் யாரும் குறை வைப்பதில்லை. பந்தியில்தான் குறை.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. டி.வி. தொடரின் உரிமையை வாங்கிவிட்டால் நடிகரின் முகமும் கூடவே வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். முகச்சாயலுக்குத் தனி ஒப்பந்தம், தனி சம்மதம் என்றெல்லாம் உண்டு. அதனால் சில சமயம் ஓவியருக்கு வருகிற உத்தரவே விசித்திரமாக இருக்கும்: அவர் மாதிரி இருக்க வேண்டும், ஆனால் அவராக இருக்கக் கூடாது. இதை எந்த மகானால் வரைய முடியும்? உரிமைச் சிக்கல் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு ஒரு வேடிக்கை. அறுபதுகளில் பிரிட்டனில் 'டாக்டர் ஹூ' தொடரை காமிக்ஸாகப் போடும் உரிமை 'டி.வி. காமிக்' என்ற பத்திரிகையிடம் இருந்தது. அந்தத் தொடரின் பிரபல வில்லன்களான டாலெக் இயந்திரங்களின் உரிமையோ இன்னொரு பத்திரிகையிடம். 'டி.வி. காமிக்' என்ன செய்தது? ட்ராட் என்று ஒரு இயந்திரக் கூட்டத்தை 1966-ல் இறக்கிவிட்டது. டாக்டருக்கு டி.வி.யில் இல்லாத ஜான், ஜில்லியன் என்று இரண்டு பேரக் குழந்தைகள் வேறு. தொடரைப் பார்த்துவிட்டு ஆவலோடு காசு கொடுத்து வாங்கிய குழந்தைக்குக் கிடைத்தது இந்த ஒன்றுவிட்ட சொந்தக்காரர்கள்.

சரி, திட்டியே பக்கத்தை நிரப்பினால் எப்படி? நன்றாகச் செய்யவே முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். செய்துகாட்டியிருக்கிறார்கள். டாலெக் உரிமை வைத்திருந்த அந்த இன்னொரு பத்திரிகைதான்.

பெயர் 'டி.வி. சென்சுரி 21'. லண்டனில் 1965 ஜனவரியில் தொடங்கியது. செய்தித்தாள் பாணி முதல் பக்கம். தேதியில் மட்டும் குறும்பு: சரியாக நூறு வருஷம் தள்ளி 2065 என்று போட்டார்கள். 'தண்டர்பேர்ட்ஸ்', 'ஸ்டிங்ரே' முதலான பொம்மலாட்டத் தொடர்களைத் தயாரித்த ஜெர்ரி ஆண்டர்சனின் கம்பெனியும் அந்தப் பத்திரிகையும் கைகோத்து நடந்தன. பத்திரிகையின் ஆசிரியர் ஆலன் ஃபென்னல், அந்த டி.வி. தொடர்களுக்கே எபிசோட் எழுதியவர். ரோமில் ஒருவர் நாலு போட்டோவை வைத்துக்கொண்டு முழித்த கதை இங்கே கிடையாது. தொடரின் நாடித்துடிப்பு தெரிந்தவர் ஆசிரியர் நாற்காலியில் இருந்தார்.

1966 ஜனவரியில் 'தண்டர்பேர்ட்ஸ்' படக்கதை ஆரம்பித்தபோது அதை ஃபிராங்க் பெல்லமியிடம் கொடுத்தார்கள். பிரிட்டனின் முதல் வரிசை ஓவியர். 'ஈகிள்' பத்திரிகையில் 'டான் டேர்' வரைந்தவர். அவரைக் கூட்டிவந்து பத்திரிகையின் நடுவில் இரண்டு முழுப் பக்கத்தைக் கலரில் கொடுத்து, 'நடத்துங்க' என்றார்கள்.

அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? டி.வி.யில் தண்டர்பேர்ட்ஸ் கதாபாத்திரங்கள் எல்லாம் பொம்மைகள். நூலில் ஆடுபவை. பொம்மைக்கு நடை வராது. தத்தக்கா பித்தக்கா என்று ஆடும். அதை மறைக்கத் தயாரிப்பாளர்கள் வண்டியில் உட்கார வைப்பார்கள், இடுப்புக்குக் கீழே காட்ட மாட்டார்கள். பெல்லமி நூலை அறுத்துவிட்டார். அவருடைய பக்கங்களில் அதே பொம்மைகள் ரத்தமும் சதையுமாக ஓடுகிறார்கள், தாவுகிறார்கள், தண்ணீரில் விழுந்து மூச்சுத் திணறுகிறார்கள். ஆனாலும் யார் யாரென்று ஒரு நொடியில் தெரிகிறது. கட்டத்தின் கோடுகளைக்கூட சும்மா விடவில்லை. வெடிக்கிற இடத்தில் கோடு மின்னல் மாதிரி உடைகிறது, விழுகிற இடத்தில் கட்டமே சாய்கிறது. சத்தம் காதில் விழும். பொய்யில்லை.

இதில் இன்னொரு சமாசாரம். தண்டர்பேர்ட்ஸைக் கலரில்தான் படம் பிடித்தார்கள். ஆனால் பிரிட்டனில் அதை ஒளிபரப்பிய ஐ.டி.வி. சேனலுக்குக் கலர் வந்ததே 1969 நவம்பரில்தான். ஆகவே 1966-ல் ஒரு லண்டன் பையன் டி.வி.யில் பார்த்தது கறுப்பு வெள்ளை. தண்டர்பேர்ட் 2 விமானம் பச்சை நிறம் என்பதே அவனுக்கு வாரா வாரம் பெல்லமி சொல்லித்தான் தெரியும். காமிக்ஸ் டி.வி.யின் நகல் என்கிறார்களே, எது எதன் நகல்?

பெல்லமி 1976-ல் காலமானார். 1991-ல் பி.பி.சி. தண்டர்பேர்ட்ஸை மறுஒளிபரப்பு செய்தபோது, அவசரமாக ஒரு காமிக்ஸ் பத்திரிகை தொடங்கினார்கள். அதில் பெரும் பங்கு பெல்லமி இருபத்தைந்து வருஷம் முன்னால் வரைந்த அதே பக்கங்கள். புதுத் தலைமுறைக் குழந்தைகள் வாங்கினார்கள். ஒரு தடவை கூலி, இரண்டு தலைமுறைக்கு விற்பனை. பி.காம். பாஷையில் சொன்னால் அவர் செலவுக் கணக்கில் வர வேண்டியவரே இல்லை, சொத்துக் கணக்கில் வர வேண்டியவர்.

அதே பத்திரிகையின் பின்னட்டையில் டாலெக் கதை ஓடியது. பி.பி.சி.யிடம் இருந்தது சொற்ப டாலெக்குகள், அதற்குமேல் காசில்லை. ரிச்சர்ட் ஜென்னிங்ஸும் பின்னால் ரான் டர்னரும் வரைந்த பக்கங்களில் டாலெக் நகரங்களே எழுந்தன, படைகள் வானத்தை மறைத்தன. தங்க நிறத்தில் டாலெக் சக்கரவர்த்தி ஒருவர் முதலில் பிறந்தது இந்தப் பக்கங்களில்தான். டி.வி.யில் சக்கரவர்த்தி, வேறு உருவத்தில், 1967-ல்தான் வந்தார். ஆயிரம் டாலெக் வரைய இன்னும் கொஞ்சம் மை, இன்னும் கொஞ்சம் முதுகுவலி. அவ்வளவுதான் செலவு.

இதைப் படித்துவிட்டு, 'ஓகோ, கலர் அச்சும் பளபளப்பும் வேண்டும் என்கிறான்' என்று நினைத்துவிடாதீர்கள். அது வேறு. மட்டக் காகிதத்தில் கறுப்பு வெள்ளையில் வந்த இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்த கூட்டம் நாம். 1972-ல் முத்து காமிக்ஸ் அதை வெளியிட்டபோது, மாயாவி மறைந்து கை மட்டும் மிச்சமிருக்கும் கட்டத்தைப் பார்த்து யாராவது 'கலர் இல்லையே' என்றார்களா? ஹெஸூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியரின் கோட்டில் இருந்த சங்கதி அது. டாக்டர் ஹூவுக்கும் அப்படி ஒரு நல்ல காலம் வந்தது. 1979 அக்டோபரில் தொடங்கிய 'டாக்டர் ஹூ வீக்லி'யில் டேவ் கிப்பன்ஸ் வரைய ஆரம்பித்தார். முழுக்கக் கறுப்பு வெள்ளை. முதல் கதை 'அயர்ன் லீஜியன்'. ரோம சாம்ராஜ்யம் வீழாமலே போயிருந்தால் என்று ஒரு கற்பனை, ரோபோ ரோமப் படை. டாம் பேக்கர் நடித்த டாக்டரின் நீள மஃப்ளரும் சுருட்டை முடியும் மட்டுமல்ல, ஆபத்து நேரத்தில் முகத்தில் வரும் அந்தக் கிறுக்குச் சந்தோஷமும் இருந்தது. முதுகைக் காட்டி நின்றாலும் அது டாக்டர்தான் என்று தெரியும். பின்னால் 'வாட்ச்மென்' வரைந்து உலகப்புகழ் பெற்றார் கிப்பன்ஸ். புகழ் வருவதற்கு முன்னால் ஒரு டி.வி. காமிக்ஸில் அவர் அரைமனதாக உழைக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம்.

முதுகைக் காட்டினாலும் தெரிய வேண்டும் என்றேன். அங்கேதான் இன்னொரு கூட்டத்தோடும் தகராறு. முகம் போட்டோ மாதிரி இருந்துவிட்டால் ஓவியம் உயர்ந்தது என்று நினைக்கிற கூட்டம். கம்ப்யூட்டர் வந்த பிறகு இது ரொம்ப சுலபமாகிவிட்டது. டி.வி.டி.யை நிறுத்து, ஃபிரேமைப் பிடி, மேலே கோடு இழு, முடிந்தது. முகம் தத்ரூபம். ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசுகிற மாதிரியே இருக்காது. அவள் அழுகிறாள், இவன் வேறு ஏதோ எபிசோடில் வேறு யாரையோ பார்த்துச் சிரித்த சிரிப்போடு நிற்கிறான். ஸ்டூடியோ அதிகாரிக்குப் பரம திருப்தி, 'எங்க ஹீரோ நல்லா இருக்கார், ஓ.கே.' என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். அவர் பார்ப்பது முகம் அழகாக இருக்கிறதா, லோகோ சரியாக இருக்கிறதா என்று. கதை நகர்கிறதா என்று பார்க்க அங்கே ஆள் கிடையாது.

நான் வைத்திருக்கும் பரீட்சை ரொம்ப எளிது. புத்தகத்தைத் திறந்து, வசன பலூன்களை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். யார் கோபமாக இருக்கிறார், யார் பொய் சொல்கிறார், எந்தப் பக்கத்திலிருந்து ஆபத்து வருகிறது என்று தெரிகிறதா? தெரிந்தால் முகம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. தெரியாவிட்டால் எத்தனை தத்ரூபமாக இருந்தாலும் அது ஆல்பம்தான், காமிக்ஸ் இல்லை.

இந்தப் பரீட்சையில் பஃபியை வைத்துப் பார்த்தேன். நியாயமாகச் சொல்ல வேண்டும், உள்பக்கங்களில் பெரும்பகுதியை வரைந்த ஜார்ஜஸ் ஜீன்டி போட்டோவை டிரேஸ் எடுக்கிற ரகமில்லை. சண்டைக் காட்சிகளில் ஆள் எங்கிருந்து எங்கே பறக்கிறான் என்பது தெளிவாக இருக்கிறது. நகைச்சுவை வருகிறது. சிக்கல் வேறு இடத்தில். டி.வி. பட்ஜெட் என்ற மூக்கணாங்கயிறு போனதும் வீடன் எகிறிவிட்டார். பஃபியின் தங்கை ராட்சச உருவம் எடுக்கிறாள், உலகமெங்கும் வேட்டைப் பெண்களின் படையே இருக்கிறது. படை என்றால் எத்தனை பெண்கள்! அத்தனைக்கும் ஒரே வயசு, ஒரே உடல்வாகு. டி.வி.யில் ஒவ்வொருத்திக்கும் ஒரு நடிகை, ஒரு குரல், ஒரு நடை இருந்திருக்கும். இங்கே அத்தனை பேருக்கும் தனி முகமும் தனி உடம்புமொழியும் ஒரு ஓவியர் மாதா மாதம் கெடுவுக்குள் கண்டுபிடிக்க வேண்டும். முடியாது. எழுதுகிறவர் 'ஐந்நூறு பெண்கள் நிற்கிறார்கள்' என்று ஒரு வரி அடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடலாம். யாராவது ஒருவர் அவரிடம், 'அண்ணே, இதை வரையணும்' என்று ஞாபகப்படுத்தியிருக்கலாம்.

நல்ல ஓவியருக்கு இந்த மாதிரிப் புத்தகங்கள் வீண் உழைப்பும் இல்லை. 2003 வாக்கில் 'சி.எஸ்.ஐ.' என்ற துப்பறியும் தொடரை ஐ.டி.டபிள்யூ. நிறுவனம் காமிக்ஸாகப் போட்டது. வரைந்தவர் சிலி நாட்டைச் சேர்ந்த கேப்ரியல் ரோட்ரிகஸ். டி.வி. முகங்களை வரைந்து கை பழகியவர், 2008-ல் அதே நிறுவனத்துக்கு 'லாக் அண்டு கீ' என்ற கதையை எழுத்தாளர் ஜோ ஹில்லோடு சேர்ந்து செய்தார். ஒரு வீட்டை அவர் கட்டிய அழகைப் பார்க்க வேண்டும், எந்தக் கதவைத் திறந்தால் எந்த மாடி என்று நமக்கே மனப்பாடமாகிவிடும். 2020-ல் நெட்ஃபிளிக்ஸ் அதைத் தொடராக எடுத்தது. டி.வி.யைப் பார்த்து வரைந்தவரின் கோட்டைப் பார்த்து டி.வி.க்காரர்கள் செட் போட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நண்பர் புத்தகங்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்தார். மேலே சொன்ன அத்தனையையும் அவரிடம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருந்தாலும் கதைன்னு ஒண்ணு வேணும் இல்லையா சார்?" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. பெல்லமியின் தண்டர்பேர்ட்ஸ் தொகுப்பை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு காபி போடப் போனேன்.

காபியோடு வந்து பார்த்தால் மனிதர் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருக்கிறது. புத்தகம் மூக்குக்குப் பக்கத்தில்.

"கதை எப்படி இருக்கு?" என்றேன்.

"இருங்க சார், இன்னும் படிக்க ஆரம்பிக்கலை" என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.